விலையின்றிக் கிடைத்த விண்வெளி

ஒரு படைப்பைப்பற்றிச் சுவைஞர் முதல்நாள் கூறுவது ஒன்று. பல்லாண்டு பழகியபின் கூறுவது பிறிதொன்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும் வாய்ப்பு விமர்சகனுக்கு அரிதாகவே கிட்டும். ‘எக்கோ வி.ஆர்.’ என்னும் மெய்நிகர் விண்வெளி ஆட்டம் அவ்வாய்ப்பை நல்கியது.

அமெரிக்காவின் றெடி அற் டோன் நிறுவனத்தார் ஆக்கிய இவ்வாட்டம், முதலில் முன்னோட்டப் பதிப்பாகவும், பின்னர் 2017 யூலையில் ‘எக்கோ அரீனா’ என்ற பெயரில் முழுமையாகவும், விலையின்றி வெளிவந்தது. கண்களை மூடும் கருவியை அணிந்துகொண்டவர் எடையற்ற வெளியில் மிதக்கும் ஓர் இயந்திர மனிதராகிறார். இரு அணிகள், ஒரு வட்டு, இரு இலக்குகள். கால்களுக்கு அங்கு வேலையில்லை. சுவரையோ, எதிரே வருபவரின் தோளையோ பற்றி, உந்தி நகரலாம்.

முதலில் ஆடியவர்களின் பேச்செல்லாம் உடலைப்பற்றியதாகவே இருந்தது. கண் காணும் அசைவும் உட்செவி உணரும் அசைவும் முரண்படுகையில் குமட்டல் தோன்றும். இத்துறையின் பழைய நோய் அது. இங்கோ அசைவு தம் கையினின்றே பிறந்தமையால் அத்தொல்லை குறைந்ததெனப் பலர் வியந்தனர். வேறு சிலருக்கு அது நீங்கவேயில்லை. இவையெல்லாம் மெய்யான அனுபவங்களே. எனினும் இவற்றைக் கலை மதிப்பீடென ஏற்பதற்கில்லை. வயிறு அமைதியாயிருந்தது என்பதற்காக ஒரு நாடகத்தை எவரும் புகழ்வதில்லையே!

காலஞ் செல்லப் பேச்சு மாறிற்று. ஆட்டத்துக்குமுன் யாவரும் கூடும் மண்டபமொன்று அதிலிருந்தது. முன்பின் அறியாதார் அங்கே குரல்கொடுத்துப் பேசினர், கையசைத்தனர், பழகியவர் புதியவருக்கு வட்டெறியக் கற்பித்தனர். 2023 சனவரி 31ஆந் திகதி, ஆட்டத்தை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தபோது ஆடுவோரிடமிருந்து எழுந்த மறுப்பில் எடையின்மையின் வியப்பு பெரிதாக ஒலிக்கவில்லை. தோழரை இழக்கும் துயரே ஒலித்தது. ஆட்டத்தின் தரத்துக்கு இதனினும் வலிய சான்று வேண்டுமா?

நிறுவனத்தை 2020இல் பேஸ்புக் வாங்கியிருந்தது. அதுவே பின்னர் மெற்றா எனப் பெயர் பூண்டது. ஆடுவோர் தொகை சில பதினாயிரமாகச் சுருங்கிவிட்டது, உழைப்பை வேறு பணிகளுக்குத் திருப்பவேண்டும் என்பது அதன் தொழினுட்பத் தலைவர் அன்ட்ரூ பொஸ்வேர்த் தந்த விளக்கம். சில வாரங்கள் முன்னரே அங்கிருந்து விலகியிருந்த ஜோன் கார்மக், பதினாயிரம் பேரே ஆடினும் அவர்கள் பெறும் பயனை அழித்தல் தகாதென வாதிட்டார். கணக்கு நோக்கிற் பொஸ்வேர்த்தின் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயின், ஆடுவோர் தாமே கட்டியெழுப்பிய உறவுகள் அக்கணக்கில் எந்தப் பத்தியில் இடம்பெற்றன?

‘இலவசம்’ என்ற சொல்லையும் சற்று உரைத்துப் பார்த்தல் நன்று. 2017 கோடைச் சலுகையிற்கூட ஒக்குலஸ் ரிஃப்ற் கருவியின் விலை 399 டொலர்; அதற்கு ஈடுகொடுக்கும் கணினியின் விலை வேறு. விலையின்றி வந்தது ஆட்டம் மட்டுமே. பணம் கொடுத்து வாங்கிய புத்தகத்தை, பதிப்பகம் மூடியபின்னும் அயலாருக்கு இரவல் கொடுக்கலாம். 2023 ஓகஸ்ற் முதலாந் திகதி சேவைக்கணினிகள் நிறுத்தப்பட்டபோது வட்டும் அரங்கும் மண்டபமும் ஒருங்கே மறைந்தன. மறுவருடம் றெடி அற் டோன் நிறுவனமும் மூடப்பட்டது. 399 டொலர்க் கருவி மட்டும் வாங்கியவர் கையில் எஞ்சிற்று.