பூர்வபட்சம் இல்லாத உத்தரம்: இளையோர்க்கான கிறித்தவ விசுவாச வாதக் கல்வி குறித்து ஒரு மதிப்பீடு

பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரம், தம் நம்பிக்கையைப் பற்றி வினவுவோர் எவர்க்கும் மறுமொழி கூற ஆயத்தமாயிருக்குமாறு விசுவாசிகளைப் பணிக்கிறது. மறுமொழி என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'அப்போலோகியா'; வழக்குமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் பக்கத்தை எடுத்துரைப்பதைக் குறிப்பது. தமிழின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு அதனை 'உத்தரவு' என்று பெயர்த்தது. அன்று அச்சொல்லுக்கு மறுமொழி என்பது பொருள். இன்று ஆணை என்பதே பொருள். இளையோர்க்கு விசுவாச வாதத்தைக் கற்பிக்கும் இன்றைய முறை, அறியாமலேயே இச்சொல்லின் பிற்காலப் பொருளைப் பின்பற்றி வருகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. மறுமொழி மாணவனுக்கு ஆணைபோல் வழங்கப்படுகிறது; வினவியவர் யார், அவர் வினவியது என்ன என்பவை பாடத்திற்கு வெளியே நின்றுவிடுகின்றன.

இம்முறையின் வேர் பழையது. அண்டிரிக் அடிகளாரின் 'கிரிசித்தியானி வணக்கம்' 1579-இல் கொச்சியில் அச்சானது. தமிழ் அச்சு நூல்களுள் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்றாகிய அதன் போர்த்துக்கீசிய மூலம், சிறார்க்குக் கற்பிப்பதற்கென்றே உரையாடல் வடிவில் அமைந்தது. ஆசிரியர் வினவுவார், மாணவர் விடை கூறுவார். தரங்கம்பாடி மிஷனரிமாரும் இவ்வடிவத்தையே கைக்கொண்டனர். திடப்படுத்தல் வகுப்பில் இன்றும் மனப்பாடம் செய்யப்படுவது இதுவே. விசுவாசத்தின் உள்ளடக்கத்தை ஒரு பிள்ளையின் நினைவில் ஊன்றுவதற்கு இதனினும் எளிய கருவி இல்லை. அதனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆயின் இவ்வடிவத்தில் வினவுகிறவர் விடையை முன்பே அறிந்தவர். மெய்யாகவே ஐயுறும் ஒருவர் வினவும்போது இக்கருவி பயன்படுவதில்லை.

திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் ஆகிய ஊர்களை இணைக்கும் தொழிற்பகுதியில் இக்குறை கண்கூடு. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கிறித்தவச் சிற்றூரொன்றில் ஞாயிறு பள்ளியில் பயின்று, பதினெட்டு, பத்தொன்பது வயதில் மின்னணு ஆலைக்கோ வாகன உதிரிப்பாக ஆலைக்கோ வரும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். விடுதி அறையில் உடன் தங்குவோர் பல சமயத்தினர். வேறு மாநிலத்தவரும் இருக்கலாம். ஊரில் அவள் சமயம் ஊராரின் சமயமாக இருந்தது; இங்கே அது பலவற்றுள் ஒன்று. விசுவாசத்திற்கு மறுமொழி கூறவேண்டிய தேவை வாழ்வில் முதன்முறையாக எழுவது பணிநேரம் முடிந்த அந்த அறையில்தான்.

அவளுக்காகத் தமிழில் கிடைக்கும் வாதங்களுட் பல ஆங்கில உலகிலிருந்து வந்தவை. சி. எஸ். லூயிஸின் புகழ்பெற்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். தம்மைக் கடவுளாகக் கூறிய இயேசு பொய்யராக இருக்கவேண்டும், அல்லது பித்தராக இருக்கவேண்டும், அல்லது அவர் கூறியபடி ஆண்டவராகவே இருக்கவேண்டும். நல்ல போதகர் மட்டுமே என்று கூற வழியில்லை என்பது அது. 1940-களின் இங்கிலாந்தில், இயேசுவை நல்லொழுக்க ஆசானாக மட்டும் ஏற்ற கேட்போரிடம் அது கூர்மையான வாதம். விடுதி அறைத் தோழியோ இம்மூன்றனுள் எதனையும் மறுக்கமாட்டாள். "அவரும் சாமிதான், எங்கள் வீட்டுப் பூசையறையில் வேளாங்கண்ணி மாதா படமும் உண்டு" என்பாள். மறுப்புக்கு ஆயத்தமாக வந்த வாதம், இவ்வுடன்பாட்டின் முன் என்செய்வதென்று அறியாது நிற்கும். மேலும் 'பித்தர்' என்பதை இழிவாகக் கொண்டால்தான் இவ்வாதம் நடைபெறும். சுந்தரர் தம் தேவாரத்தில் இறைவனை விளித்த பெயரே அதுவாயிற்றே! பெரியாரைப் படித்த இளைஞன் வேறொன்று கேட்பான்: சாதி ஒழிந்த சமயம் என்கிறீர்களே, உங்கள் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எதற்கு? பெயர்த்தெழுதப்பட்ட கையேட்டில் இவ்வினா இருக்க வாய்ப்பில்லை.

ஆகவே பூர்வபட்சத்திலிருந்து, அதாவது எதிர்த்தரப்பின் கொள்கையிலிருந்து, தொடங்கவேண்டும். இம்முறைக்கு வெளியே எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. இவ்வட்டாரமே அதன் தாயகம். வைணவ மரபு 1017-இல் திருப்பெரும்புதூரில் பிறந்தவராகக் கொள்ளும் இராமாநுசர், ஸ்ரீபாஷ்யத்தின் முதற் சூத்திர உரையிலேயே அத்வைதக் கொள்கையை முதலில் சுருக்கமாகவும் பின்னர் மிக விரிவாகவும் எடுத்துரைக்கிறார். அதன் பின்னரே தம் சித்தாந்தத்தை விரித்து நிறுவுகிறார். மகாபூர்வபட்சம் எனப்படும் அப்பகுதியை மட்டும் தனியே படிப்பவர், அதனை அத்வைதி ஒருவரே எழுதியதாகக் கருதவும் கூடும். இளமையில் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் பயின்றபோது ஆசிரியரின் விளக்கத்தை மறுத்து வேறு பொருள் கூறினார் என்றும், பிற்காலத்தில் அவ்வாசிரியரே இவர்க்குச் சீடரானார் என்றும் குருபரம்பரைக் கதைகள் கூறும். வரலாறாகக் கொள்ளத் தயங்குவோரும், மறுப்புரைக்கும் மாணவனைப் பெருமையாக நினைவிற்கொண்ட மரபு இது என்பதை ஒப்புவர்.

அண்மையிலுள்ள காஞ்சி, பௌத்தத் தரப்பிலிருந்து இதனினும் விரிவான பாடத்தைத் தருகிறது. மணிமேகலை இளம்பெண். 'சமயக் கணக்கர் தந்திறம் கேட்ட காதை'யில் வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கிறாள். அவரவர் தம் கொள்கையைத் தம் வாயாலேயே கூறுகின்றனர். காட்சியன்றி வேறு அளவையை ஏலாத பூதவாதியிடம் மட்டும் நகைத்து, தாய் தந்தையரை இன்னார் என அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிவாய் என வினவுகிறாள். பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகளிடம் தருமம் கேட்க அமரும்போது அவர் முதலில் கற்பிப்பது அளவை. பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றையும், அவற்றின் போலிகளாகிய பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து ஆகியவற்றையும் கற்ற பின்னரே அவள் நோன்பு மேற்கொள்கிறாள். இருபத்தொன்பதாம் காதையைக் காப்பியச் சுவையைக் கெடுக்கும் உலர்ந்த பகுதி எனச் சலித்துக்கொள்வோர் உளர். நானும் மாணவப் பருவத்தில் அதனைத் தாண்டிச் சென்றவன்தான். கல்வி முறையாகக் காணும்போது அதன் இடம் விளங்குகிறது. பிழையான வாதத்தை இனங்காணும் ஆற்றல் கொள்கைக்கு முன்னரே மாணவிக்கு அளிக்கப்படுகிறது. அவ்வாற்றலை அவள் தன் ஆசிரியரின் கொள்கைமீதும் செலுத்தலாம்.

கிறித்தவ வகுப்பொன்றில் இவ்வளவைப் பாடத்தை நடத்தினால் முதலில் அடிபடுவன கிறித்தவர் சிலரின் விருப்பமான வாதங்களே. திருவள்ளுவர் தோமாவின் சீடர் என்னும் கூற்று ஓர் எடுத்துக்காட்டு. தோமா மயிலைக்கு வந்தார் என்பது கூறுவோர் நம்பும் மரபு, எதிர்த்தரப்பினர் ஏற்றதன்று. ஒரு தரப்பினர்க்கு மட்டுமே உடன்பாடான ஏதுவை மணிமேகலை 'அன்னியதராசித்தம்' என்னும். இப்பெயரை ஒரு பதினாறு வயதினர் கற்றுக்கொண்டால், மேடையிலிருந்து வரும் பல முழக்கங்களை அவர் வேறு செவியால் கேட்பார்.

எதிர்த்தரப்பை அறிந்தவரே வலிய வாதியாவார் என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சான்று ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்து வெசுலியன் பள்ளியில் பயின்று, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவிய அவர், 1854-இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். சைவ வழிபாட்டை இகழ்ந்தோர்க்கு அவர் விவிலியத்திலிருந்தே விடை காட்டினார். பழைய ஏற்பாட்டின் ஆலயச் சடங்குகளை எடுத்துக்காட்டிச் சைவச் சடங்குகளை நிலைநிறுத்தினார். அவரே சிறார்க்கென எழுதியபோது 'சைவ வினாவிடை'யைத்தான் எழுதினார் என்பதையும் சொல்லவேண்டும். தாம் வென்ற முறையைப் பிள்ளைகளுக்கு அவரும் தரவில்லை.

ஏன் தரவில்லை என்பது எளிதில் விளங்கக்கூடியதே. எதிர்த்தரப்பை முழுமையாகக் கேட்ட இளையவர் அங்கேயே நின்றுவிடவும் கூடும். யான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் தொடங்கி, காஞ்சிபுரம் முதலிய இடங்களிலும் கிளைகள் கண்ட இசுக்காட்லாந்து மிஷன் பள்ளி இந்து இளைஞர்க்கு விவிலியத்தையும் கற்பித்தது. 1841-இல் அதன் மாணவர் சிலர் திருமுழுக்குப் பெற்றபோது பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். சென்னை இந்துக்களுக்கு அன்று அது பேரதிர்ச்சி. ஆண்டர்சன் பிறர் வீட்டுப் பிள்ளைகளிடம் வேண்டியது, தம் சமயத்திற்கு வெளியே உள்ள ஒன்றை முழுமையாகக் கேட்டு முடிவுசெய்க என்பதே. அதே வேண்டுகோளைத் தன் வீட்டுப் பிள்ளையிடம் விடுக்கத் திருச்சபை தயங்குமாயின், 1841-இல் அப்பெற்றோர் கொண்ட அச்சத்தைக் குறைகூற அதற்கு உரிமை இல்லை.

நடைமுறையில் இதற்குப் பெரிய பாடத்திட்டம் தேவையில்லை. வகுப்பில் மாணவி முதலில் எழுதவேண்டியது தன் விடையையன்று, அறைத்தோழியின் கொள்கையை. எழுதியதைத் தோழியிடம் காட்டி, "நீ சொன்னது இதுதானா?" எனக் கேட்கவேண்டும். அவள் ஆம் என்னும் வரை திருத்தி எழுதவேண்டும். உத்தரம் எழுதுவது அதன் பின்னர். பேதுருவின் அவ்வறிவுரை சாந்தத்தையும் வணக்கத்தையும் உடன் கேட்கிறது. கையேடுகள் அவற்றை நற்பண்புகளாகக் கூறிக் கடந்துவிடுகின்றன. தோழி இல்லையென்று தலையசைக்க, மூன்றாம் முறை தாளை எடுத்துக்கொண்டு உட்காரும் பெண்ணுக்கு அவை பாடத்தின் முறையாகவே விளங்கும்.