அடுப்படியும் மதிற்சுவரும்

கெட்டவர்கள் நிறைந்த ஊரைப் பற்றி நாவல் எழுதுவது அவ்வளவு சிரமமான காரியம் அல்ல. கொடுமைக்காரன் ஒருவன் கிடைத்துவிட்டால் கதை தானாக நகரும். நல்லவர்கள் நிறைந்த ஊரைப் பற்றி எழுதுவதுதான் சிரமம். விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள், குழந்தைகளை ஒழுங்காக வளர்க்கிறவர்கள், பக்கத்து வீட்டில் துக்கம் என்றால் சாப்பாடு செய்து எடுத்துக்கொண்டு போகிறவர்கள், கோயில் வாசலில் உண்டியலை நீட்டினால் தயங்காமல் காசு போடுகிறவர்கள் - இவர்களை வைத்துக்கொண்டு என்ன கதை சொல்வது? சொன்னால் ஒன்று தேன் சொட்டும். இல்லையென்றால், 'இதெல்லாம் வேஷம்' என்று கிழித்துக் காட்டுகிற ஏளனமாக முடியும். இந்த இரண்டு பள்ளத்திலும் விழாமல் எழுதப்பட்ட நாவல் ஒன்றைப் பற்றி எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

கிளேர் கீகன் என்ற அயர்லாந்து நாட்டு எழுத்தாளர் 2021-ல் வெளியிட்ட 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' என்பது அந்த நாவல். 'இத்தகைய சின்ன விஷயங்கள்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். நூற்றுச் சொச்சம் பக்கங்கள்தான். 2022-ல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம் பெற்றது. அதே வருஷம் அரசியல் புனைகதைக்கான ஆர்வெல் பரிசும் கிடைத்தது. 2024-ல் கிலியன் மர்பி நடித்துச் சினிமாவாகவும் வந்தது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் இருட்டைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதன் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வெளிச்சம் இல்லாமல் இருட்டுக்கு அர்த்தம் இல்லை.

கதை நடப்பது 1985-ம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில். இடம், வெக்ஸ்போர்டு ஜில்லாவில் பாரோ நதிக்கரையில் உள்ள நியூ ராஸ் என்ற சிற்றூர். பில் பர்லாங் அங்கே நிலக்கரியும் விறகும் விற்கிறவன். நாம் தூரத்துக்குச் சொல்லிவந்த அதே 'பர்லாங்'தான் அவன் குடும்பப் பெயர். நாற்பதை நெருங்குகிற வயது, மனைவி ஐலீன், ஐந்து பெண் குழந்தைகள். கடன் பெரிதாக இல்லை; கையில் மிச்சமும் பெரிதாக இல்லை. ஊரில் தொழில்கள் படுத்துக்கொண்டிருக்கின்றன. வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கும் உதவிப் பணத்துக்கு வரிசை நீளுகிறது. இளைஞர்கள் கப்பலேறுகிறார்கள். இந்தச் சமயத்தில் ஐந்து பெண்களுக்குப் பால், ரொட்டி, சப்பாத்து, படிப்பு எல்லாம் குறைவில்லாமல் நடக்கிறதென்றால், அது ஒரு சின்ன வெற்றி. அந்த வெற்றி எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது அவனுக்குத் தெரியும்.

நாவலின் முதல் பகுதியில் ஒரு சமையலறைக் காட்சி வருகிறது. கிறிஸ்துமஸ் கேக் செய்கிறார்கள். அந்தக் கேக் பண்டிகை அன்று செய்கிற பண்டம் அல்ல. முன்கூட்டியே செய்து, பக்குவப்படுத்தி வைக்கிற பண்டம். உலர்ந்த திராட்சை, செர்ரி, சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்தோல் எல்லாம் சேர்ந்த கனமான கேக். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைப்பது ஒருவர் வேலை. எலுமிச்சைத் தோலைத் துருவுவது ஒருவர் வேலை. வாதுமைப் பருப்பை வெந்நீரில் போட்டுத் தோலுரிப்பது இன்னொருவர் வேலை. பர்லாங்குக்கும் ஒரு வேலை உண்டு. அடுப்பின் தீயைக் கவனித்துக்கொள்ள வேண்டும். தகரத்தின் வெளிப்புறம் ஐலீன் பழுப்புக் காகிதம் சுற்றிக் கட்டுகிறாள். நீண்ட நேரம் மெதுவாக வேகிற கேக்கின் ஓரம் கருகாமல் இருக்க அந்தக் காகிதம். கீகன் இதைப் பற்றி உவமை எதுவும் சொல்லவில்லை. கைகள் செய்கிற காரியத்தைச் சொல்லிக்கொண்டு போகிறார். நாம் அந்த மேஜையண்டை போய் நின்றுவிடுகிறோம். அப்புறம் குழந்தைகள் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். என்ன கேட்கிறார்கள் என்பதைப் பெற்றோர்கள் கவனித்து வைத்துக்கொள்கிறார்கள். பர்லாங்குக்குத் தன் சிறுவயது நினைவு வருகிறது. துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் விளையாட்டுச் சாமான் கேட்டான். கிடைத்தவை நகம் தேய்க்கும் பிரஷ்ஷும் சோப்பும் முதலியவை. தகப்பன் பெயர் தெரியாத பையன் அவன். தாய், மிஸஸ் வில்ஸன் என்ற புராட்டஸ்டண்ட் விதவையின் வீட்டில் வேலைக்காரி. கலியாணம் ஆகாமல் கர்ப்பமான அந்தப் பெண்ணை மிஸஸ் வில்ஸன் வெளியே தள்ளவில்லை. அதனால்தான் பர்லாங் என்று ஒரு மனிதன் இருக்கிறான்.

குடும்பத்தோடு வெளியே போகிற காட்சியும் உண்டு. டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் விளக்குகளை ஏற்றுகிறார்கள். சபைத் தலைவர் கழுத்தில் பித்தளைச் சங்கிலியோடு காரிலிருந்து இறங்கி, நாலு வார்த்தை பேசி, ஸ்விட்சைத் தட்டுகிறார். ஒரு மகள் பாடகர் குழுவில் நிற்கிறாள். கடைக்குட்டி லொரெட்டா, தாத்தா வேஷக்காரரைக் கண்டு பயந்து அழுகிறாள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் சிற்றூரில் வாழ்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆசிரியைக்குத் தெரியும். ஊர் முழுவதும் ஓரிடத்தில் கூடித் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிற நாள் அது. தங்கள் குழந்தையும் அந்தக் கூட்டத்தில் இடம் பெற்றிருப்பதைப் பார்க்கத்தான் பெற்றோர்கள் போகிறார்கள்.

இனி, கொடுப்பதைப் பற்றி. அயர்லாந்துச் சிற்றூரின் சமூக வாழ்க்கையில் பாதி, நிதி திரட்டுவதில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது கோயில் வாசலில் டப்பாவோடு நிற்பார்கள். அதற்குப் போலீஸ் அனுமதியும் வாங்கியிருப்பார்கள். வீட்டில் செய்த கேக்குகளைப் பள்ளிக்கூட மண்டபத்தில் விற்பார்கள். குலுக்குச் சீட்டு, சீட்டாட்டப் பந்தயம், கைவேலைப் பொருள்களின் விற்பனை எல்லாம் உண்டு. 1884-ல் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் ஊர்க் கிளைக்கு மைதானம் வேண்டுமென்றாலும் சரி, கோயில் கூரை ஒழுகினாலும் சரி, வழி இதுதான். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை 1844 முதல் அங்கே வேலை செய்கிறது. ஆயர்கள் 1973-ல் 'ட்ரோகரா' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். 'இரக்கம்' என்று பொருள். தவக்காலம் வந்தால் அதன் அட்டைப் பெட்டி சமையலறை மேஜையில் வந்து உட்கார்ந்துவிடும். குழந்தைகள் மிட்டாய்க் காசை அதில் போடுவார்கள். இதே வெக்ஸ்போர்டு ஜில்லாவில் பிரீ என்ற கிராமத்தில்தான் 1910-ல் கிராமப் பெண்களின் சங்கம் ஒன்று பிறந்தது. பிற்பாடு அது நாடு முழுவதும் பரவி, சமையலையும் கைத்தொழிலையும் பொதுக் காரியத்தையும் ஒன்றாக முடிந்து வைத்தது. இதையெல்லாம் பரிகாசம் செய்வது அற்பத்தனம். அரசாங்கம் எட்டிப் பார்க்காத இடத்தில் ஜனங்கள் தங்கள் கையால் கட்டிக்கொண்ட ஏற்பாடு இது.

கீகன் தேர்ந்தெடுத்த வருஷத்தையே பாருங்கள். 1985 ஜூலையில் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக லண்டனிலும் பிலடெல்பியாவிலும் 'லைவ் எய்ட்' சங்கீத விழா நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான பாப் கெல்டாப் அயர்லாந்துக்காரர். அந்தச் சின்ன, கஷ்டத்திலிருந்த நாடு வாரி வழங்கியது. அதே கோடையில் கார்க் ஜில்லாவில் பாலின்ஸ்பிடில் என்ற கிராமத்துக் கெபியில் மாதா சிலை அசைவதாகச் செய்தி பரவி, பஸ் பஸ்ஸாக ஜனங்கள் போய் மலைச்சரிவில் உட்கார்ந்து இரவெல்லாம் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் பசித்தவனைப் பார்க்க முடிந்தது. கல் அசைவதைக்கூடப் பார்க்க முடிந்தது. பக்கத்து மதிற்சுவருக்கு உள்ளே இருந்ததைப் பார்க்க முடியவில்லை.

நியூ ராஸில் அந்தச் சுவர் கன்னிமடத்தின் சுவர். மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறது. சுவருக்கு ஒரு பக்கம் ஊரிலேயே நல்ல பெண்கள் பள்ளிக்கூடம். பர்லாங்கின் மூத்த பெண்கள் அங்கே படிக்கிறார்கள். மறுபக்கம் சலவைச்சாலை, கலியாணமாகாமல் தாயானவர்கள், வேண்டாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் அங்கே கூலியில்லாமல் துவைக்கிறார்கள். ஓட்டல்களும் ஆஸ்பத்திரிகளும் தங்கள் துணியை அங்கேதான் போடுகின்றன. புதிதுபோல் திரும்பி வருகிறது. கரி கொண்டுபோன பர்லாங், ஒரு நாள் காலையில் கரிக்கொட்டகையில் இரவு முழுவதும் அடைபட்டுக் கிடந்த சாரா என்ற பெண்ணைக் காண்கிறான். தன் கைக்குழந்தை எங்கே என்று கேட்டுச் சொல்லும்படி அவள் அவனைக் கேட்கிறாள். மடத்தலைவி அவனுக்குத் தேநீர் கொடுத்து, அவனுடைய மற்றப் பெண்களுக்கும் பள்ளியில் இடம் வேண்டுமே என்பதை இனிமையாக நினைவூட்டுகிறாள். ஐலீனுக்கு என்று ஒரு உறையும் கொடுத்து அனுப்புகிறாள்.

அந்த உறைதான் நாவலின் மையம் என்று நான் சொல்வேன். உள்ளே வாழ்த்துச் சீட்டோடு பணம் இருக்கிறது. ஐலீன் மகிழ்ந்துபோகிறாள். கசாப்புக்கடைப் பாக்கியைத் தீர்த்துவிட்டு வான்கோழியும் பன்றி இறைச்சியும் வாங்கிவிடலாம். பாக்கி தீர்ந்து பண்டிகைச் சாப்பாடு நடக்கப்போகிறது. அவ்வளவு சாதாரணமான காரியம். ஆனால் அந்தச் சமையலறையும் அந்தச் சலவைச்சாலையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன என்பது அந்த இடத்தில் நமக்குப் புரிந்துவிடுகிறது. கீகன் வாயால் சொல்லவில்லை. இறைச்சிக்காரர் பாக்கியைக் காட்டி விட்டுவிடுகிறார்.

ஐலீனைக் கல்நெஞ்சுக்காரி என்று எழுதுகிற விமரிசகர்கள் இருக்கிறார்கள். அது சரியான வாசிப்பு அல்ல என்பது என் அபிப்பிராயம். ரோட்டோரம் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஏழைப் பையனுக்குப் பர்லாங் சட்டைப்பையிலிருந்த சில்லறையைக் கொடுத்தான் என்று கேட்டபோது அவள் முகம் சுளிக்கிறாள். அந்தப் பையனின் தகப்பன் குடிகாரன் என்பது ஊரறிந்த விஷயம். மடத்துப் பெண்களைப் பற்றிப் பேச்சு வரும்போது, அவர்கள் நம் பெண்கள் இல்லையே என்கிறாள். மிஸஸ் வில்ஸனின் தயாளத்தைப் பர்லாங் எடுத்துச் சொன்னால், பெரிய வீடும் நிலமும் பென்ஷனும் உள்ளவளுக்குத் தயாளம் செலவில்லாதது என்ற பொருளில் பதில் சொல்கிறாள். இந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஐந்து பெண்களின் எதிர்காலத்தை மடியில் கட்டிக்கொண்டு நடக்கிறவளின் கணக்கு அது. அவள் கெட்டவளாயிருந்தால் பர்லாங்கின் சங்கடம் பாதி தீர்ந்திருக்கும். அவள் நல்ல மனைவி, நல்ல தாய். அதனால்தான் அவளோடு வாதாட அவனால் முடியவில்லை.

உண்டியலில் போடுகிற காசுக்கு ஒரு வசதி உண்டு. கொடுத்தவனும் வாங்குகிறவனும் முகம் பார்க்க வேண்டியதில்லை. எல்லோரோடும் சேர்ந்து கொடுப்பதால் எவரையும் பகைக்க வேண்டியதில்லை. கொடுப்பது ஊரோடு நம்மைச் சேர்க்கிறது. பர்லாங் கடைசியில் செய்கிற உபகாரம் அவனை ஊரிலிருந்து பிரிக்கும். ஓட்டல்காரி மிஸஸ் கெஹோ அவனுக்கு நல்லதை நினைத்தே எச்சரிக்கை செய்கிறாள்: கன்னிகாஸ்திரீகளுக்கு எட்டாத இடம் இந்த ஊரில் இல்லை என்கிறாள். இரண்டு வகைத் தர்மத்துக்கும் உள்ள இந்தப் பேதத்தைக் காட்டுவதே நாவலின் சாதனை. முதல் வகை பொய் என்று ஆசிரியை சொல்லவே இல்லை. அது போதாத ஒரு நேரம் வரும் என்கிறார்.

பக்கத்து ஊர்க்காரரான கோம் டோய்பீன் 2009-ல் எழுதிய 'புரூக்ளின்' நாவலை இதோடு சேர்த்துப் படிப்பது நல்லது. அது என்னிஸ்கார்த்தியில் தொடங்குகிறது, அதுவும் வெக்ஸ்போர்டுதான். அமெரிக்காவில் ஆதரவற்றுப்போன கிழட்டு அயர்லாந்துக்காரர்களுக்குக் கோயில் மண்டபத்தில் கிறிஸ்துமஸ் சாப்பாடு போடுகிற காட்சி அதில் இருக்கிறது; கதாநாயகி பரிமாறுகிறாள். ஊரின் தர்மம் கடல் கடந்து, முகம் பார்த்துக் கொடுக்கிற தர்மமாக ஆகிவிடுகிறது. ஆனால் அவள் ஊர் திரும்பிக் கடற்கரைக்கு உல்லாசமாகப் போய்வந்த சில நாளில், மளிகைக்கடைக்காரி அவள் ரகசியத்தைத் தெரிந்துகொண்டு மிரட்டுகிறாள். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் அன்பும் உளவும் ஒரே வாசலால் வருகின்றன. டோய்பீனின் பெண் கப்பலேறிவிடுகிறாள். பர்லாங் அங்கேயே இருக்க வேண்டியவன். அந்த வகையில் கீகன் கடினமான கேள்வியை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

குறைகளும் உண்டு. பர்லாங்கின் தகப்பன் யார் என்பது கடைசியில் ஏறக்குறையத் தெரிந்துவிடுவது எனக்கு உவப்பாயில்லை. பண்ணையாள் நெட் என்று தெரிந்ததும், மனத்தில் கிடந்த ஒரு முடிச்சு அவிழ்ந்து, அவன் காரியத்துக்குத் துணிகிறான் என்று படுகிறது. அதற்கு அவசியமே இல்லை. மடத்தில் பிறந்திருக்க வேண்டியவன் அவன் என்பதே போதும். இரண்டாவது, அடைபட்ட பெண்ணுக்கும் அவன் தாய்க்கும் சாரா என்று ஒரே பெயர் வைத்தது, சொல்லாமல் விடத் தெரிந்த எழுத்தாளர் சொல்லிவிட்ட இடம்.

சரித்திரக்காரர்கள் இன்னொரு குறை சொல்லலாம். நிஜ நியூ ராஸில் இருந்த சலவைச்சாலை 1967-லேயே மூடிவிட்டது. ஆனால் அயர்லாந்தின் கடைசிச் சலவைச்சாலை டப்ளினில் 1996-ல்தான் மூடப்பட்டது. 2013-ல் வெளிவந்த அரசாங்க அறிக்கைப்படி, 1922-லிருந்து சுமார் 10,000 பெண்கள் இவ்விடங்களுக்குள் போயிருக்கிறார்கள். போன வழி தெரிந்தவர்களில் கால் பங்குக்கு மேற்பட்டவர்களை அரசின் கையே அனுப்பியிருக்கிறது. அந்த வருஷம் பிப்ரவரியில் பிரதம மந்திரி என்டா கென்னி பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஒரு ஊரின் கட்டடத்துக்குப் பதினெட்டு வருஷம் ஆயுள் கூட்டியது நாவலாசிரியையின் உரிமை. நாட்டின் உண்மையை அவர் மாற்றவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, செருப்பில்லாத அந்தப் பெண்ணைக் கைப்பிடித்து, விளக்குகள் எரிகிற தெருவழியாகப் பர்லாங் வீட்டை நோக்கி நடக்கிறான். தெரிந்தவர்கள் பேச வருகிறார்கள். பெண்ணைக் கண்டதும் விலகுகிறார்கள். வீட்டுக் கதவு திறக்குமுன் நாவல் முடிகிறது. இது தப்பித்துக்கொள்ளும் தந்திரம் என்று சிலர் நினைக்கலாம். உண்மையான சண்டை உள்ளே போன பிறகுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சமையலறையை நமக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும். மேஜை, அடுப்பு, ஐந்து குழந்தைகள், பழுப்புக் காகிதம் கிழித்து வெளியே எடுத்த கேக், தீர்ந்துபோன கசாப்புக்கடைப் பாக்கி எல்லாம் தெரியும். ஐலீன் என்ன சொல்வாள் என்பதும் ஓரளவு தெரியும். இவ்வளவையும் கையில் கொடுத்துவிட்ட ஆசிரியை மீதியை நம்மிடம் விட்டதில் தவறில்லை. அந்தக் கேக்கில் சாராவுக்கு ஒரு துண்டு வெட்டுவார்களா என்பதை அந்த வீடுதான் தீர்மானிக்க வேண்டும்.