ரன் அவுட்டில் தொடங்கிய இரண்டு இறுதிப் போட்டிகள்

இலக்கு 166. இரண்டாவது ஓவர் முடிவதற்குள் விஷ்மி குணரத்ன ரன் அவுட். இலங்கை 7 ஓட்டங்களுக்கு 1 விக்கெட். 2024 ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளையில் நடந்த மகளிர் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியின் இந்தக் காட்சியை இலங்கை ரசிகர்கள் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தார்கள். 2022 ஒக்டோபர் 15, பங்களாதேஷின் சில்ஹெட் மைதானம். அதே கிண்ணத்தின் இறுதிப் போட்டி, எதிரே அதே இந்தியா, அங்கும் இலங்கையின் முதல் விக்கெட் ரன் அவுட்தான்.

சினிமா என்றால் இதை ரீமேக் என்போம். ரீமேக்குக்குப் போகிறவர்கள் முதல் காட்சியிலேயே பழைய படத்தோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ 1960இல் வந்தது. ஃபீனிக்ஸ் நகரத்தை உயரத்திலிருந்து காட்டித் தொடங்கும் கமரா, இறங்கி வந்து ஒரு ஹோட்டல் அறையின் ஜன்னல் வழியே உள்ளே போகும். அதை ஒரே ஷாட்டாக எடுக்கத்தான் ஹிட்ச்காக் ஆசைப்பட்டார். அன்றைய வசதிக்கு ஒத்துவரவில்லை, துண்டு துண்டாக எடுத்து ஒட்டினார். 1998இல் கஸ் வான் சான்ட் அதே படத்தை ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் திரும்ப எடுத்தபோது, ஹெலிகொப்டரில் பறந்து அந்த ஆசையையும் நிறைவேற்றினார். திரையில் வரும் நாள்கூட மாறவில்லை: வெள்ளிக்கிழமை, டிசம்பர் 11. இருந்தும் படம் எடுபடவில்லை. கமரா நுழைந்தபின் அறைக்குள் இருப்பது யார் என்பதல்லவா முக்கியம்! ஜேனட் லீ இருந்த இடத்தில் ஆன் ஹேச் இருந்தார்.

நம் கதையில் ரீமேக்தான் நன்றாக வந்தது. காரணம் அதேதான்.

சில்ஹெட்டில் நாணயச் சுழற்சியில் வென்ற இலங்கை முதலில் துடுப்பெடுத்தாடியது. ரன் அவுட் ஆனவர் அணித்தலைவி சமரி அத்தபத்து, 6 ஓட்டங்களில். அவர் போனதும் அணிக்குக் கைகால் ஓடவில்லை. இந்தியாவின் ரேணுகா சிங் பந்தை உள்ளும் வெளியும் ஸ்விங் செய்தார். அனுஷ்கா சஞ்சீவனியும் ரன் அவுட். 9 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். இருபது ஓவர் முடிவில் 65க்கு 9. கூடிய ஓட்டம் பெற்றவர் பின்வரிசையில் வந்த சுழற்பந்து வீச்சாளர் இனோகா ரணவீர, ஆட்டமிழக்காமல் 18. ரேணுகாவுக்கு 5 ஓட்டங்களுக்கு 3 விக்கெட். ஸ்ம்ரிதி மந்தனா 25 பந்தில் 51 அடிக்க, இந்தியா 8.3 ஓவரில் கதையை முடித்தது.

தம்புள்ளையில் ஆட்டமிழந்தவர் விஷ்மி, நின்றவர் சமரி. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இறுதிப் போட்டி திரும்பியது என்பது என் கணிப்பு. சமரி தற்காப்புக்குப் போகவில்லை. 43 பந்தில் 61, அதில் ஒன்பது பவுண்டரி, இரண்டு சிக்ஸர். இந்தத் தொடரில் மலேசியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 119, அரையிறுதியில் பாகிஸ்தானுக்கு எதிராக 63, மொத்தம் 304 ஓட்டங்கள் என்று வந்தவர் ஒரு விக்கெட்டுக்காக வேகத்தைக் குறைப்பாரா?

சில்ஹெட்டில் இல்லாத இன்னொன்றும் இங்கே இருந்தது. சமரி தீப்தி ஷர்மாவின் பந்தில் போல்டானபோது 94க்கு 2. இன்னும் 72 ஓட்டங்கள் வேண்டும். முன்பெல்லாம் சமரி போனால் ரசிகர்களும் எழுந்துவிடுவார்கள். இம்முறை ஹர்ஷிதா சமரவிக்ரம நின்றார். சமரியோடு 87, பிறகு கவிஷா டில்ஹாரியோடு பிரியாத 73. ஹர்ஷிதா 51 பந்தில் 69, கவிஷா 16 பந்தில் 30. எட்டுப் பந்துகள் மிச்சம், எட்டு விக்கெட்டால் வெற்றி. ஆட்டநாயகி விருது ஹர்ஷிதாவுக்குப் போனது சரியே. முந்தைய எட்டுத் தொடர்களில் ஏழை இந்தியா வென்றிருந்தது. இலங்கைக்கு இது முதல் கிண்ணம்.

இந்தியா எங்கே விட்டது? மந்தனா 47 பந்தில் 60 அடித்தும் நடு ஓவர்கள் மந்தம். ரிச்சா கோஷ் கடைசியில் 14 பந்தில் 30 அடித்திராவிட்டால் 165கூட வந்திருக்காது.

தம்புள்ளை மைதானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் நாலந்தை, நாவுல தாண்டிப் போனால் குளக்கரையில் இருக்கிறது, ரங்கிரி விகாரையின் காணியில் கட்டிய மைதானம். 2001 மார்ச்சில் இங்கிலாந்துடன் முதல் சர்வதேசப் போட்டி. 2010 ஜூன் 24இல் ஆடவர் ஆசியக் கிண்ண இறுதியும் இங்கேதான்: தினேஷ் கார்த்திக் 66, இந்தியா 268, ஆஷிஷ் நெஹ்ரா நான்கு விக்கெட் சாய்க்க இலங்கை 187க்குச் சுருண்டது. 2024 மகளிர் தொடர் முழுவதும் இதே மைதானத்தில், அனுமதி இலவசம்.

கிண்ணம் வந்துவிட்டதால் ஒரு குறையை யாரும் மறக்க வேண்டாம். இரண்டு இறுதிப் போட்டி, இரண்டிலும் முதல் விக்கெட் ரன் அவுட். முதல் ஓவர்களில் ஓட்ட அழைப்பில் வரும் குழப்பத்தைப் பயிற்சியாளர்கள் இனியாவது சரிசெய்ய வேண்டும். அடுத்த முறையும் நிற்பவர் சமரியாகவே இருப்பார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.