திருமணத்துக்குக் காவல் நிற்கும் அரசியல்

குடும்பத்தையும் திருமணத்தையும் காப்போம் என்று சொல்லி வாக்குக் கேட்பது பழமைவாத அரசியலின் நெடுநாள் வழக்கம். அந்தக் காவலர்களே பல நாடுகளில் அம்பலப்பட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் தன்பாலினத் திருமணத்தை மத்திய அரசு ஏற்கக் கூடாது என்ற 1996 சட்டத்தை முன்மொழிந்த பாப் பார், அப்போது தம் மூன்றாவது திருமணத்தில் இருந்தார். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்று வரையறுத்த ஹங்கேரியின் 2011 அரசமைப்பை எழுதியவர்களில் முக்கியமானவர் யோசெஃப் சாயெர். 2020-இல் பிரசெல்ஸ் நகரில், கொரோனாக் கட்டுப்பாடுகளை மீறி ஆண்கள் கூடிய ஒரு விருந்தில் சிக்கிப் பதவி விலகினார்.

தமிழ்நாட்டில் இத்தகைய முரண் பெரிதாக எடுபடுவதில்லை. இரண்டு குடும்பம் நடத்திய தலைவர்களை இங்குள்ள வாக்காளர்கள் தண்டித்ததில்லை. இங்கே கவனிக்க வேண்டிய முரண் தலைவர்களின் வீட்டுக்குள் இல்லை. யாருடைய விருப்பத்தை மதிப்பது, யாருடைய விருப்பத்தைத் தடுப்பது என்று கட்சிகள் எடுக்கும் முடிவில் இருக்கிறது. அதைப் பார்க்க, ஏரியூர் அடங்கிய பென்னாகரம் தொகுதியையும் தருமபுரி மாவட்டத்தையும் விட ஏற்ற இடம் அரிது.

2004 முதல் 2009 வரை மத்திய சுகாதார அமைச்சராக இருந்த பாமகவின் அன்புமணி ராமதாஸ், 2008 ஆகஸ்டில் மெக்சிகோ நகரில் நடந்த பன்னாட்டு எய்ட்ஸ் மாநாட்டில், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு நீங்க வேண்டும் என்றார். சட்டத்துக்கு அஞ்சி மறைந்து வாழ்பவர்களிடம் மருத்துவமும் தடுப்பு முறைகளும் போய்ச் சேர்வதில்லை என்பது அந்தத் துறையின் வாதம். அதே அரசின் உள்துறை, இந்தியச் சமூகம் இதை ஏற்காது என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தது. 2009 ஜூலை 2-இல் அந்த நீதிமன்றம் 377-ஐத் தளர்த்தியது. அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்த நேரத்தில் அன்புமணி எடுத்த அந்த நிலைப்பாடு துணிச்சலானது. பிற்பாடு நடந்தவற்றைக் காட்டி அதன் மதிப்பைக் குறைப்பது நியாயமாகாது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2012 நவம்பர் 7 அன்று, தருமபுரி அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. வன்னியப் பெண் ஒருவரும் தலித் இளைஞர் ஒருவரும் மணந்துகொண்டதும், பெண்ணின் தந்தை உயிரை மாய்த்துக்கொண்டதும் அதற்கு முன்னிகழ்வுகள். வன்முறையில் தனக்குப் பங்கில்லை என்று பாமக மறுத்தது. ஆனால் அடுத்த சில வாரங்களில் அதன் நிறுவனர் ச. ராமதாஸ், பல சாதி அமைப்புகளைத் திரட்டி ‘நாடகக் காதல்’ எதிர்ப்பைத் தொடங்கினார். ஜீன்ஸும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து பெண்களை மயக்குகிறார்கள் என்று தலித் இளைஞர்கள் மீது பழி சுமத்தப்பட்டது. 21 வயதுக்குட்பட்ட பெண்ணின் திருமணத்துக்குப் பெற்றோர் ஒப்புதலைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது.

அந்தக் கோரிக்கையில் பொருட்படுத்தத் தக்க ஒரு கவலை உண்டு. படிப்பையும் வேலையையும் பாதியில் விட்டு மணந்துகொள்ளும் பெண், பிறந்த வீட்டின் ஆதரவும் இல்லாதபோது எளிதில் நிர்க்கதியாகிறாள். தருமபுரி குழந்தைத் திருமணம் தொடரும் மாவட்டமும்கூட. இளவயதுத் திருமணத்தின் தீங்கை இந்த ஊர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அக்கவலை உண்மையானதுதானா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பெண்ணின் வயதும் படிப்பும்தான் பொருட்டு என்றால், பெற்றோரே சொந்தச் சாதிக்குள் பதினாறு வயதில் கட்டிவைக்கும் திருமணத்துக்கு எதிராகத்தான் முதல் கூட்டம் கூடியிருக்க வேண்டும். அதற்காகச் சாதிச் சங்கங்களின் மேடை எதுவும் அந்த அளவுக்குத் திரளவில்லை. கோரிக்கை காத்தது பெண்ணின் வயதை அல்ல, அவளை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமையை.

இந்த இரு நிலைப்பாடுகளும் ஒரே கட்சிக்குள் எப்படி அடங்கின? பொய் வேடம் என்று ஒதுக்கிவிடுவது எளிது, அது போதாது. இரண்டிலும் உண்மையான நம்பிக்கை இருந்திருக்கலாம். ஆனால் 377-ஐ எதிர்ப்பதால் ஏரியூரில் எந்தக் குடும்பத்தின் நிலமும் உறவுமுறையும் கைமாறாது. சாதி கடந்த ஒரு திருமணம் அதே ஊரில் பங்காளி உறவையும் ஊர்க் கட்டுப்பாட்டையும் வாக்கு வங்கியையும் ஒருசேர அசைக்கும். வயது வந்த இருவரின் விருப்பம் அவர்களுடையது என்ற கொள்கை, விலை கொடுக்க வேண்டாத இடத்தில் பேசப்பட்டு, விலை கேட்ட இடத்தில் கைவிடப்பட்டது. 2014-இல் அன்புமணி தருமபுரி மக்களவைத் தொகுதியில் வென்றபோது, பாமக இருந்த கூட்டணிக்குத் தலைமை தாங்கியது 377-ஐ ஆதரிப்பதாக முந்தைய ஆண்டு அறிவித்திருந்த பாஜக. கூட்டணிக்கு இந்த வேறுபாடு தடையாக இருக்கவில்லை.

தேசிய அளவில் முரண் இன்னும் வெளிப்படையானது. 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த தன்பாலினத் திருமண வழக்கில், கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற இந்தியக் குடும்ப அமைப்போடு அது பொருந்தாது என்றது மத்திய அரசு. கோரிக்கையை நகர மேட்டுக்குடியினரின் பார்வை என்றும் தள்ளியது. 2024 அக்டோபரில், மனைவியை வல்லுறவு செய்யும் கணவனை வல்லுறவுச் சட்டத்தின்கீழ் தண்டிப்பது மிகக் கடுமையானது, திருமண உறவையே பாதிக்கும் என்று அதே அரசு அதே நீதிமன்றத்தில் வாதிட்டது. விரும்பிச் சேர வருபவர்களுக்குத் திருமணத்தின் கதவு மூடப்படுகிறது. உள்ளே வன்முறைக்கு ஆளாகும் பெண்ணுக்கு எதிராக அதே திருமணம் கேடயமாக நீட்டப்படுகிறது.

திருமணத்தை மாற்றியமைப்பது நாடாளுமன்றத்தின் வேலை, நீதிபதிகளுடையது அல்ல என்ற வாதம் மட்டும் வலுவானது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளும் சாரத்தில் அதை ஏற்றார்கள். ஆனால் அந்த நாடாளுமன்றம் என்ன செய்தது? 2015 டிசம்பரில், மீண்டும் நடைமுறைக்கு வந்திருந்த 377-ஐத் திருத்த சசி தரூர் கொண்டுவந்த தனிநபர் மசோதா, விவாதத்துக்கே வராமல் அறிமுக நிலையிலேயே 71-க்கு 24 என்ற கணக்கில் தோற்கடிக்கப்பட்டது. 543 பேர் தேர்ந்தெடுக்கப்படும் மக்களவையில் வாக்களிக்க இருந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. நீதிமன்றத்தில் நாடாளுமன்றத்தைக் கைகாட்டுவதும், நாடாளுமன்றத்தில் பேச்சையே மறுப்பதும் சேர்ந்தால் வாதத்தின் நேர்மை போய்விடுகிறது.

பழி பழமைவாதிகளோடு நிற்பதும் இல்லை. 2023-இல் தன்பாலினத் திருமணம் பற்றி மத்திய அரசு கருத்துக் கேட்டபோது எதிர்ப்புத் தெரிவித்த மூன்று மாநிலங்களில் ஒன்று காங்கிரஸ் ஆண்ட ராஜஸ்தான். சுயமரியாதைத் திருமணத்தை 1967 சட்டத்தால் செல்லத்தக்கதாக்கிய தமிழ்நாடு, பதிலளித்த ஏழு மாநிலங்களில் இல்லை. புரோகிதரும் சடங்கும் இல்லாமல் திருமணம் செல்லும் என்று நாட்டுக்கு முன்மாதிரி காட்டிய மாநிலத்தின் மௌனம் வருத்தத்துக்குரியது.

மேலே சொன்ன தருமபுரித் திருமணத்தில், பெண்ணின் தாய் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். 2013 ஜூலை தொடக்கத்தில் அந்தப் பெண் கணவரிடம் திரும்பப் போவதில்லை என்றார். அடுத்த நாள் இளைஞர் ரயில் பாதையருகே இறந்து கிடந்தார். 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றத்தில் இன்னொரு ஆட்கொணர்வு மனு வந்தது. குடும்பத்தார் பிடித்து வைத்திருந்த தன் துணையை விடுவிக்கக் கோரியவர் ஒரு பெண். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தத் துணையை விடுவித்ததோடு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றார்கள்.

அந்தத் தீர்ப்பு இணைந்து வாழும் உரிமையைத் தருகிறது. அதற்கு மேல் உள்ளவை சட்டமன்றங்களின் கையில். தன்பாலின இணையரை ஒரே குடும்பமாகக் கருதிக் குடும்ப அட்டை வழங்கலாம் என்று 2024-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. கூட்டு வங்கிக் கணக்குக்கும் தடையில்லை. ஆனால் ஏரியூரில் சேர்ந்து வாழும் இரு பெண்களில் ஒருவர் இறந்தால், பென்னாகரம் வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும் வாரிசுச் சான்றிதழில் மற்றவரின் பெயருக்கு இன்றைய சட்டப்படி இடமில்லை.