'சந்தா செய்க' என்றால் காசு கட்ட வேண்டுமா?

எஸ்.பி.எம். மாணவர்களுக்கு வாரம் ஒரு கருத்துணர்தல் பயிற்சியை மின்னஞ்சலில் அனுப்பும் இலவசச் சேவை ஒன்றை என் படிவம் ஐந்து மாணவர்களுக்குப் பரிந்துரைத்தேன். பயிற்சிகள் தரமானவை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவை மாணவர் கைக்குப் போய்ச் சேர வேண்டுமே! பதினோரு பேர் பதிய முயன்றார்கள். மறுவாரம் கேட்டால் நான்கு பேருக்குத்தான் மடல் வந்திருந்தது. மற்ற ஏழு பேரையும் நிறுத்தியது பதிவுப் படிவம்தான்.

இரண்டு பேர் பொத்தானைப் பார்த்ததுமே நின்றுவிட்டார்கள். அதில் 'சந்தா செய்க' என்று இருக்கிறது. 'சப்ஸ்கிரைப்' என்பதை அப்படியே தமிழாக்கியிருக்கிறார்கள். "டீச்சர், சந்தான்னா காசு கட்டணும்தானே? அம்மாகிட்ட கேக்கணும்," என்றாள் ஒரு மாணவி. அவள் சொன்னதில் தப்பே இல்லை. சங்கத்துக்குச் சந்தா, பத்திரிகைக்குச் சந்தா என்று நம் வழக்கில் எல்லாமே பணம்தான். 'இலவசம்' என்ற சொல்லோ படிவத்தில் எங்குமே காணோம். 'வாரப் பயிற்சியை எனக்கு அனுப்புங்கள்' என்று பொத்தானில் போட்டிருந்தால், அழுத்தினால் என்ன நடக்கும் என்பது உடனே புரிந்திருக்கும். கீழே 'இலவசம். வாரம் ஒரு மடல்' என்று ஒரு வரி போதும். (தமிழாசிரியர்கள் சேர்ந்து நடத்தும் சேவை இது. அதனால்தான் எனக்குக் கொஞ்சம் கூடுதல் வருத்தம்.)

அடுத்து, கட்டங்கள். மொத்தம் ஒன்பது! பள்ளி, மாநிலம், பெற்றோர் கைப்பேசி எண் என்று நீள்கிறது. மடல் அனுப்ப மின்னஞ்சல் முகவரி ஒன்று போதாதா? எந்த மாநிலத்தில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று அறிய நடத்துநர்கள் விரும்புவது நியாயம்தான். அதை மூன்றாவது மடலில் ஒரே கேள்வியாகக் கேட்கலாம்.

அடையாள அட்டை எண்ணைக் கேட்பதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. நம் எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்று காட்டும். பயிற்சித்தாள் அனுப்ப இது எதற்கு? சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ அடையாளத்தைத் துல்லியமாக உறுதிப்படுத்த வேண்டியிருந்தாலோ தவிர, தனியார் அமைப்புகள் இந்த எண்ணைக் கேட்கக் கூடாது. இங்கே ஒரு மாணவனின் அப்பா "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அவர் செய்தது சரி.

மீதி நான்கு பேர் படிவத்தை முழுதாக நிரப்பியவர்கள். அவர்கள் விடுபட்டது உறுதிப்படுத்தும் மடலில். பதிந்தவருக்கு ஒரு மடல் அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அழுத்தினால்தான் சேர்ப்பது என்பது நல்ல முறை. முகவரியைத் தப்பாக அடித்திருந்தாலோ, வேறொருவர் முகவரியைக் கொடுத்திருந்தாலோ அதில் தெரிந்துவிடும். ஆனால் இங்கே பொத்தானை அழுத்தியதும் திரையில் வருவது 'நன்றி' மட்டும். வேலை முடிந்தது என்றுதானே மாணவர் நினைப்பார்? உறுதிப்படுத்தும் மடலின் தலைப்போ ஆங்கிலத்தில், அனுப்புநர் பெயர் எவருக்கும் தெரியாத ஒன்று. மென்பொருள் கொடுத்த மாதிரியை யாரும் தொடவே இல்லை போலும். மூன்று பேருக்கு அது ஸ்பேம் பகுதியில் கிடந்தது. ஒருத்தி விளம்பரம் என்று நினைத்து அழித்தேவிட்டாள். 'உங்கள் மின்னஞ்சலைத் திறங்கள், ஒரு மடல் வந்திருக்கும், காணவில்லையென்றால் ஸ்பேமில் தேடுங்கள்' என்று அந்த 'நன்றி'க்குக் கீழே எழுத எவ்வளவு நேரமாகும்?

நடத்துநர்களுக்கு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. இப்போது பதியும் மாணவர்கள் கவனிக்க: அடையாள அட்டைக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் படிவம் ஏற்றுக்கொள்கிறது, நானே விட்டுப் பார்த்தேன். பதிந்த கையோடு ஸ்பேம் பகுதியையும் பாருங்கள். இணைப்பை அழுத்திய பிறகு என் மாணவர் மூவருக்கும் மடல் வரத் தொடங்கிவிட்டது. அழித்தவள் மறுபடியும் பதிந்திருக்கிறாள்.