நாற்பது வரியில் ஒரு பள்ளிக்கூடம்

சைவ சித்தாந்தத்தின் மூலநூலான சிவஞான போதம் 12 சூத்திரம், 40 வரி. அச்சில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். இறையியலைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க எழுந்த தமிழ் நூல்களில் இத்தனை கட்டுக்கோப்பான இன்னொன்றை நான் படித்ததில்லை.

புதுச்சேரிப் பக்கத்து ஒதியம்பட்டில் இருந்துகொண்டு அதைப் படிப்பது தனிச் சுகம். எங்கள் வட்டாரம் பாடம் சொல்லிப் பழகிய மண். பாகூரில் 9ஆம் நூற்றாண்டிலேயே வித்தியாஸ்தானம் என்ற ஒரு கல்விச்சாலை இருந்தது. அதற்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்ட செய்தியை நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு சொல்கிறது. விழுப்புரம் சாலையில் உள்ள திருபுவனையில், 1048ஆம் ஆண்டுச் சோழர் கல்வெட்டு 12 ஆசிரியரும் 260 மாணவரும் கொண்ட ஒரு கல்லூரியைக் காட்டுகிறது. வேதமும் வியாகரணமும் மீமாம்சையும் படித்த இடங்கள் அவை. நிலமும் நெல்லும் அளந்து நடந்தவை. விழுப்புரத்தையும் தாண்டித் தென்பெண்ணைப் பக்கம் போனால் திருவெண்ணெய்நல்லூர். 13ஆம் நூற்றாண்டில் அங்கே, சிவஞான போதத்தை எழுதிய மெய்கண்டார் தமிழில் பாடம் சொன்னார். அந்தப் பள்ளியைப் பற்றி மரபு நினைவில் வைத்திருப்பது ஆசிரியரையும் மாணவரையும்தான்.

அவர் பாடம் சொன்ன முறைதான் என்னை மயக்குவது. ஒவ்வொரு சூத்திரத்தையும் கூறுகளாகப் பிரிக்கிறார். முதலில் மேற்கோள்: நிறுவ வேண்டிய கருத்து. அடுத்து ஏது: அதற்கான காரணம். பின் எடுத்துக்காட்டு: வெண்பாவில் ஓர் உவமை. உயிர் உண்டா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு உயிரில்லை, புலன் உயிரில்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். அப்படி 'இல்லை, இல்லை' என்று சொல்லிக்கொண்டு நிற்பது யார்? அதுதான் உயிர் என்கிறார். 'என் உடம்பு' என்று சொல்லும்போதே உடம்புக்கு உடையவன் ஒருவன் வேறாக வந்துவிடுகிறான். மறுக்க வந்தவனின் வாயிலிருந்தே சான்றை வாங்கிவிடும் இந்த நேர்த்தி எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை.

எட்டாம் சூத்திரம் நூலின் உச்சி. அரசகுமாரன் ஒருவன் வேடரிடையே வளர்ந்து தான் யாரென்பதை மறந்துபோகிறான். தந்தை வந்து, 'நீ இவர்களில் ஒருவன் அல்ல' என்று உணர்த்தி அழைத்துப் போகிறான். வேடர் ஐம்புலன்கள், உணர்த்த வருபவன் குரு வடிவில் இறைவன். பாடம் சொல்லுதல் இங்கே இறைவனுடைய செயலாகவே ஆகிவிடுகிறது. 40 வரியில் ஏன் நிறுத்தினார் என்பதும் இங்கே எனக்கு விளங்குகிறது. விரித்துச் சொல்ல ஓர் ஆசிரியர் எதிரே இருந்தால்தான் இந்நூல் திறக்கும். குரு வேண்டும் என்ற கொள்கையை நூலின் அளவே கற்பிக்கிறது.

அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் இரந்துண்ணும் துறவியரும் பாடம் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அப்படி ஒரு துறவியர் சபையை நிறுவிய தொமினிக் 1217இல் தம் சகோதரர்களைப் பாரிசுக்குப் படிக்க அனுப்பினார். பாடம் சொல்லும் ஆசிரியர் ஒருவர் இல்லாமல் மடம் அமையக்கூடாது என்று அந்தச் சபை விதி செய்தது. அதே சபையைச் சேர்ந்த தாமஸ் அக்குவினாஸ் தம் பெருநூலைத் தொடக்க மாணவர்களுக்காக எழுதுவதாக முன்னுரையிலேயே சொல்கிறார். ஒவ்வொரு கேள்வியிலும் முதலில் எதிர்த்தரப்பின் வாதங்களை அடுக்கிவிட்டுத்தான் தம் விடைக்கு வருகிறார். ஒன்றையொன்று அறியாத இரண்டு இடங்களில், எதிராளிக்கு முழு இடம் கொடுத்தால்தான் பாடம் நிற்கும் என்ற ஒரே அறிவு பிறந்திருக்கிறது.

நம் பக்கத்தில் அதைச் செய்து காட்டியவர் மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார். திருத்துறையூர்க்காரர், ஆகமங்களில் கரை கண்டவர், மூத்தவர். மெய்கண்டாரோ சிறு பிள்ளை. 'ஆணவம் எப்படி இருக்கும்?' என்று அருணந்தி கேட்க, பிள்ளை பேசாமல் அவரையே ஏற இறங்கப் பார்த்தது; அந்தக் கணத்தில் அவர் மாணவரானார் என்பது மரபு. அவருடைய சிவஞான சித்தியார் பரபக்கம், உலகாயதர் தொடங்கிப் பௌத்தர், சமணர் எனப் பிற கொள்கையினரை அவரவர் வாதத்தோடு நிறுத்திவைத்துவிட்டுத்தான் மறுக்கிறது. இருபா இருபஃது என்ற நூலிலோ தம் குருவையே கேள்விகளால் துளைக்கிறார். கேட்கத் தெரிந்த மாணவன்தான் அந்தப் பள்ளியின் பெருமை.

திருவதிகை மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்தைக் கேள்வியும் விடையுமாகவே அமைத்தார். தில்லை உமாபதி சிவம் 100 குறட்பாக்களில் திருவருட்பயன் தந்தார். 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் அதே 40 வரிக்கு மாபாடியம் என்ற பேருரை கண்டார். ஒரு சிறு நூல் ஐந்நூறு ஆண்டு வகுப்பை நடத்தியிருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் உண்மை விளக்கம், பிறகு திருவருட்பயன், அதன்பின் சித்தியார், கடைசியில் போதம். தனியாகப் படிக்க வேண்டாம். தெரிந்தவர் ஒருவரைத் தேடிப் போய், எதிரே உட்கார்ந்து, சந்தேகம் கேட்டுப் படியுங்கள். அப்படிப் படிப்பதற்காகவே செய்யப்பட்ட நூல் போதம்.