காலத்தில் எழுந்த ஆலயம்

1939-இல், நாஜிப் படைகள் போலந்தினுள் நுழையச் சில வாரங்களே இருக்கையில், யூத இரபி ஆபிரகாம் யோசுவா ஹெஷல் வார்சாவை விட்டு வெளியேறி, 1940-இல் நியூயார்க் நகரை அடைந்தார். அவருடைய தாயையும் சகோதரியர் மூவரையும் போரும் நாஜிகளின் கொலைவெறியும் பறித்துக்கொண்டன. ஐரோப்பாவின் தொழுகைக்கூடங்கள் எரிந்து சாம்பலான பின், 1951-இல் அவர் வெளியிட்ட சிறுநூலே ‘ஓய்வுநாள்’.

யூத சமயம் இடத்தையன்று, காலத்தையே முதன்மையாகப் புனிதப்படுத்துகிறது என்பது இந்நூலின் மையக் கருத்து. ஆலயத்தை இடிக்கலாம், ஏழாம் நாளை இடிப்பவர் யார்? புலம்பெயர்ந்தவருக்கு இதனினும் பெரிய ஆறுதல் இல்லை. ஆயினும், இடத்தையும் பொருளையும் ஆசிரியர் சற்றே தாழ்த்திவிட்டாரோ என நாம் ஐயுறுகிறோம். பெத்லகேம் என்னும் ஊரில், ஒரு தாயின் மடியில் இறைமகன் பிறந்தார் என விசுவசிக்கும் நமக்குக் காலம் மட்டும் போதாது.

இவ்வையத்திற்கு விடை, 2005-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு அவர் மகள் சூசன்னா வரைந்த முன்னுரையில் கிடைக்கிறது. வெள்ளி மாலையில் தாய் ஏற்றும் மெழுகுதிரிகள். உணவு மேசையைச் சுற்றி, ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த அறிஞர்கள். காலமாகிய ஆலயத்திற்கும் ஒரு மேசை தேவைப்பட்டது! நூல் சொல்லாது விட்டதை வீடு சொல்லிற்று.

கோவில் கட்டப் பொருள் திரட்டுவதில் நாம் சளைத்தவரல்லர். ஆனால் திருப்பலி முடிந்து வீடு திரும்பியபின் நம் ஞாயிறு எங்கே போகிறது? ஊரையும் உறவையும் இழந்த குடும்பம் காத்துக்கொண்ட நாளை, வீடும் கோவிலும் உள்ள நாம் இழக்கலாமா?